மருத்துவமனையில் நடக்கும் தரத் தணிக்கையைச் செவிலியர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

வார்டில் நாங்கள் இதை 'ஆடிட்' என்றுதான் சொல்வோம். செவிலியர்களுக்கு அது பிடிக்காது என்று பலரும் நினைக்கிறார்கள். பல ஆண்டுகள் வார்டில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: நோயாளியைப் பார்க்காமல் தாளை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் தணிக்கைதான் எங்களுக்குப் பிடிக்காது.

எழுந்து நடக்க முடியாத முதியவர் ஒருவர் எங்கள் வார்டில் இருந்தார். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைத்து அட்டவணையில் கையெழுத்திட வேண்டும். தணிக்கைக்கு வந்தவர் அட்டவணையைப் புரட்டினார். எல்லாக் கட்டங்களிலும் கையெழுத்து இருந்தது. முழு மதிப்பெண் கொடுத்தார். மறுநாள் காலையில் விரிப்பு மாற்றும்போது பார்த்தேன், முதியவரின் குதிகால் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை. படுக்கைப் புண்ணின் முதல் நிலை அது.

அந்தக் கையெழுத்துகளில் இரண்டு என்னுடையவை. அவரைத் திருப்பியது உண்மை. ஆனால் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் வைக்கத் தவறிவிட்டேன். அட்டவணையில் அதற்குக் கட்டமே இல்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

கை கழுவுவதும் இப்படித்தான். குறிப்பேட்டுடன் ஒருவர் நின்றால் எல்லோரும் தவறாமல் கழுவுவோம். அந்த நாளின் கணக்கை வைத்து நள்ளிரவு வார்டை அளக்க முடியாது.

அதற்காகக் கணக்கே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கிரிமியப் போரில் காயங்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால்தான் அதிக வீரர்கள் இறந்தார்கள் என்பதை 1858-இல் வரைபடமாக வரைந்து காட்டியவர், நவீனச் செவிலியப் பணியின் முன்னோடியான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். எண்ணிப் பார்ப்பது எங்கள் தொழிலின் சொந்தப் பழக்கம்.

பின்னர் ஒருமுறை தணிக்கைக்கு வந்தவர், முன்பு செவிலியராக இருந்தவர். அட்டவணையைத் தொடுவதற்கு முன்பே போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்த்தார். "இரவில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? தலையணைகள் போதுகின்றனவா?" என்று கேட்டார். அடுத்த வாரமே திரும்பி வந்து, தாம் கண்டதை எங்களிடமே விளக்கினார். எவரையும் பெயர் சொல்லிக் குறை கூறவில்லை. அட்டவணையில் குதிகாலுக்கு ஒரு கட்டம் சேர்ந்தது. கூடுதல் தலையணைகளும் வந்தன. இரவுப் பணிக்கு ஆள் மட்டும் இன்னும் கூடவில்லை. ஒவ்வொரு தணிக்கையின்போதும் அதை எழுதிக் கொடுத்து வருகிறேன்.