எஸ்கேப் ரூம் காசுக்குத் தகுமா என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? சிறிய ஊரில் இருந்துகொண்டு இதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள முடியுமா?

தேவகோட்டையிலிருந்து கேட்கிறேன் என்று போட்டிருக்கிறீர்கள். நான் காரைக்குடி. நம் இருவருக்கும் முதல் செலவு ரயில்தான், டிக்கெட் அப்புறம். விடியக்காலைப் பல்லவனைப் பிடித்துச் சென்னை போய், ஒரு மணி நேரம் ஓர் அறைக்குள் அடைந்து கிடந்துவிட்டு வருகிறேன் என்றால் எங்கள் அப்பத்தா, "பூட்டிக்கிட்டு உக்கார நம்ம வீட்டுல அறையா இல்ல?" என்பார்கள். கேள்வி நியாயமானதுதான். அவ்வளவு தூரம் போகிறோமே என்பதால்தான் எது தேறும், எது தேறாது என்பதில் நான் இவ்வளவு கறாராகிவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக: நாலைந்து பேரை ஓர் அறைக்குள் விடுவார்கள். உள்ளே இருக்கும் பொருள்களை வைத்தே புதிர்களை அவிழ்த்து, பெரும்பாலும் 60 நிமிடத்துக்குள் வெளியே வர வேண்டும். கேமராவில் ஒரு கேம் மாஸ்டர் பார்த்துக்கொண்டே இருப்பார், திணறினால் ஹின்ட் கொடுப்பார். முதலில் இது கம்ப்யூட்டரில் மவுஸால் ஆடும் ஆட்டமாகத்தான் இருந்தது. 2004-இல் வந்த 'கிரிம்சன் ரூம்' அதில் பேர்போனது. 2007-இல் ஜப்பானின் கியோட்டோவில் டக்காவோ கட்டோவின் 'ஸ்க்ராப்' நிறுவனம் நிஜமான இடத்தில் ஆளை வைத்து நடத்தியது. 2011-இல் புடாபெஸ்டில் 'பாராபார்க்' வந்த பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவியது.

இனி உங்கள் கேள்வி. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: புதிர் அந்த இடத்துக்குச் சொந்தமானதா? ரங்கூனில் ஒரு வட்டிக்கடை என்று செட் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசு இருந்தால் எடை போட்டுத்தான் விடை வர வேண்டும். பேரேடு இருந்தால் கணக்கு எங்கே இடிக்கிறதோ அங்கேதான் கிளூ இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, சுவரில் லேமினேட் செய்த சுடோகு ஒன்றை மாட்டி "இதைப் போட்டால் பூட்டு திறக்கும்" என்றால், அந்த செட்டுக்குச் செலவழித்த பணம் அத்தனையும் வீண். அந்தச் சுடோகுவைப் பல்லவனில் உட்கார்ந்தே போட்டிருக்கலாமே.

விடை தெரிந்த நிமிடம் டீமில் என்ன சத்தம் வருகிறது என்றும் கவனிப்பேன். "அட, கண்ணு முன்னாலயே இருந்துச்சே" என்றால் நல்ல ரூம். "இதை எவன் கண்டுபிடிப்பான்" என்றால் வடிவமைத்தவர் தன் மனசுக்குள் இருந்ததை அறைக்குள் வைக்க மறந்துவிட்டார் என்று அர்த்தம்.

பூட்டு விஷயத்தில் எனக்கும் மற்ற ரசிகர்களுக்கும் கொஞ்சம் ஒத்துப்போவதில்லை. நம்பர் லாக் நிறைய இருந்தால் பழைய பாணி, காந்தப் பூட்டும் சென்சாரும் இருந்தால் புதுசு, அதனால் உசத்தி என்பார்கள். பொம்மைக்குள் காந்தத்தை ஒளித்து வைத்திருப்பார்கள். சரியான இடத்தில் வைத்தால் எங்கோ ஓர் அலமாரி தானாகத் திறக்கும். பார்க்க அழகுதான். ஆனால் சென்சார் பழுதாகிக் கிடந்தால் சரியான விடையையே நாம் தப்பென்று நினைத்துப் பத்து நிமிடத்தைத் தொலைப்போம். பூட்டு அப்படி ஏமாற்றாது. நம்பர் சரியென்றால் திறக்கும், இல்லையென்றால் இல்லை. நம்மூர் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரு நாள் நின்று, கனமான பழைய பூட்டுகளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் சாவித் துளையே கண்ணுக்குத் தெரியாது, ஒரு குமிழை நகர்த்த வேண்டியிருக்கும். பக்கத்துத் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனாலும் எஸ்கேப் ரூம்களில் நான் பார்ப்பதெல்லாம் ஆன்லைனில் வாங்கிய சூட்கேஸ் பூட்டுகள்தான். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

ரிவ்யூ படிக்கும்போது நட்சத்திரங்களை நம்பாதீர்கள். பாதிப் பேர் பிறந்தநாளுக்குப் போனவர்கள். யாருக்கும் முதல் ரூம் அற்புதமாகத்தான் இருக்கும். நிறைய ஆடியவர்கள் மட்டும் ஓட்டுப் போடும் 'டெர்பெகா' என்ற உலகப் பட்டியல் 2018 முதல் வருகிறது. ஸ்பெயின், கிரீஸ் ரூம்கள் அதில் முன்னணியில் இருக்கும். நாம் ஏதென்ஸ் போகப் போவதில்லை, சரி. ஆனால் அங்கே ஆடியவர்கள் எழுதுவதைப் படித்தால், புதிரைப் போட்டு உடைக்காமல் ஒரு ரூமைப் பற்றி எவ்வளவு சொல்ல முடியும் என்று தெரியும்.

நான் எழுதும் ரிவ்யூவிலும் புதிரைச் சொல்ல மாட்டேன். இருட்டா, தவழ வேண்டுமா, முட்டி வலிக்காரர் உட்கார நாற்காலி உண்டா, தேடுவது அதிகமா யோசிப்பது அதிகமா, இதையெல்லாம் எழுதுவேன். எத்தனை நிமிடத்தில் வெளியே வந்தோம் என்பதை எழுதுவதில்லை. அது பாதி நேரம் கேம் மாஸ்டரின் தாராள மனசைப் பொறுத்தது. அப்புறம், ஆங்கிலம் எவ்வளவு தேவை என்பதைக் கட்டாயம் எழுதுவேன். இதைத் தமிழில் யாரும் சொல்வதில்லை. எங்கள் டீமில் தேடுவதற்குச் சின்னாத்தாவை மிஞ்ச ஆள் கிடையாது. மேசைக்கு அடியில், படத்துக்குப் பின்னால், துணி மடிப்பில் என்று அவர்கள் கை போகாத இடமில்லை. ஆனால் ஆங்கில வார்த்தை விளையாட்டாகவே ஓடும் ரூமில் அவர்களைச் சும்மா நிற்க வைத்துவிடுகிறார்கள்.

உள்ளே போகும் முன் கதவைப் பாருங்கள். 2019 ஜனவரியில் போலந்தின் கோஷலின் நகரில் ஓர் எஸ்கேப் ரூமில் தீப்பிடித்து, வெளியே வர முடியாமல் 15 வயதுச் சிறுமிகள் ஐந்து பேர் இறந்தார்கள். பிறந்தநாள் கொண்டாடப் போனவர்கள். நிஜமாகவே பூட்டுகிற ரூமுக்குள் நான் போவதில்லை. அவசரத்துக்கு உள்ளிருந்தே திறக்க வழி இருக்கிறதா, மின்சாரம் போனால் காந்தப் பூட்டு விடுபடுமா என்று கேட்பேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று பதில் வந்தால் அடுத்த ரயில்.

ஊரிலேயே ஆட வழி இருக்கிறது. பெட்டியில் வரும் எஸ்கேப் ரூம் ஆட்டமான 'எக்ஸிட்' வரிசை, கொஞ்சம் பழகிய ஆட்டக்காரர்களுக்கான ஆட்டங்களுக்குத் தரப்படும் ஜெர்மனியின் கென்னர்ஷ்பீல் விருதை 2017-இல் வாங்கியது. அட்டைகளை வெட்டி மடித்துத்தான் விடை காண வேண்டும், அதனால் ஒரு தடவையோடு சரி. அதே மாதிரிப் பெட்டியில் வரும் 'அன்லாக்' வரிசையில் எதையும் கிழிக்க வேண்டாம், அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம்.

இதைவிட நல்லது நம் செட்டிநாட்டு வீடே. முகப்பில் நின்றால் வளவு (உள்முற்றம்), இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்க்கோடு. இருபுறமும் பூட்டிய அறைகள். செட் போட வேண்டிய வேலையே இல்லை. முன்னோர்களுக்குப் படைக்கும் படைப்புக்குப் பங்காளிகள் கூடியபோது பிள்ளைகளுக்கு ஒன்று செய்தேன். பழைய கணக்கு நோட்டின் ஒரு பக்கம், மூன்று இலக்க நம்பர் லாக். பக்கத்தில் எ, அ, க என்று தெரிவதெல்லாம் உண்மையில் தமிழ் எண்கள்: ௭, ௮, ௧ (7, 8, 1). சிங்கப்பூரிலிருந்து வந்த பிள்ளைகள்தான் முதலில் பிடித்தார்கள். ஆனால் தலைப்பில் இருந்த பிள்ளையார் சுழியை ௨ (2) என்று எடுத்துக்கொண்டு வெகுநேரம் பூட்டோடு மல்லுக்கட்டினார்கள். அது நியாயமான பொறியா, அழுகுணி ஆட்டமா என்று வீட்டில் இன்னும் சண்டை. எனக்கு அது நியாயம்தான்.

சென்னைக்குப் போவதென்றால் வார நாளில் போங்கள், முன்பின் தெரியாதவர்களை நம்மோடு சேர்க்காத புக்கிங்தானா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று பேர் போதும், நாலு பேர் தாராளம். ஆறு பேர் போனால் இரண்டு பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். ஒரே நாளில் இரண்டு ரூம் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் வயிறாரச் சாப்பாடு. திகில் ரூமை மட்டும் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.