மூத்தவளின் நோட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். வீட்டுக்கல்வி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் நாங்களும் துணிந்து இறங்கினோம். எங்களுக்கு ஐந்து பிள்ளைகள். மூத்தவளுக்கு 12 வயது, அடுத்தவனுக்கு 10, அதற்கடுத்தவளுக்கு 7, பிறகு 4 வயதுப் பையன், 8 மாதக் கைக்குழந்தை. ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது.

போன வாரத்தை மட்டும் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு எல்லோரையும் உட்கார வைத்தேன். சுவரில் அட்டவணை ஒட்டியிருக்கிறேன். ஆளுக்கொரு நிறம், நாளுக்கு ஆறு பாடம். பத்து மணிக்குள் குழந்தை அழ ஆரம்பித்தது, சின்னவன் அண்ணன் நோட்டில் கிறுக்கிவிட்டான், ஏழு வயதுக்காரி கழித்தல் கணக்கு வரவில்லை என்று அழுதாள். செவ்வாய் இரண்டு பாடம்தான் நடந்தது. புதன் அதுவும் இல்லை. விட்டதைப் பிடிக்கலாம் என்று வியாழனும் வெள்ளியும் சாயங்காலம் வரை உட்கார வைத்தேன். எல்லோருக்கும் என் மேல் கோபம். மூத்தவள்தான் எனக்கு ஒரே ஆறுதல். தங்கைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள், தம்பியிடம் வாய்ப்பாடு கேட்கிறாள், குழந்தையையும் பார்த்துக்கொள்கிறாள். அவள் இல்லையென்றால் நான் எப்போதோ விட்டிருப்பேன்.

இத்தனை பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது சரிப்பட்டு வருமா? உங்கள் வீட்டில் ஒரு வாரம் எப்படிப் போகும் என்று எழுத முடியுமா?

இப்படிக்கு,
ஐந்து பிள்ளைகளின் அம்மா

அன்புள்ள சகோதரிக்கு,

சரிப்பட்டு வரும். எங்களுக்கு ஆறு பிள்ளைகள். நான்கு பேர் வீட்டிலேயே படித்து முடித்துவிட்டார்கள், இரண்டு பேர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களுடைய போன வாரத்தைப் போல எத்தனையோ வாரங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் குழந்தை அழுததற்கும் அட்டவணை கவிழ்ந்ததற்கும் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஆறுதல் என்று எழுதிய இடத்தில்தான் எனக்குக் கலக்கமாக இருந்தது. ஏழு வயதுக்காரி என்ன படித்தாள், பத்து வயதுக்காரன் என்ன படித்தான் என்பதெல்லாம் கடிதத்தில் இருக்கிறது. மூத்தவள் அந்த வாரம் என்ன படித்தாள் என்பது எங்குமே இல்லை.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் மூத்த மகளுக்குப் பதினோரு வயது இருக்கும்போது நானும் இதைத்தான் செய்தேன். ஒரு நாள் இரவு மேசையை ஒதுக்கிவைக்கும்போது அவளுடைய கணக்கு நோட்டு கையில் கிடைத்தது. பின்னங்களைக் கூட்டும் பாடம். பக்கத்தின் மேலே ஒரு தேதி எழுதி அடித்திருந்தாள். பக்கத்தில் இன்னொரு தேதி, அதையும் அடித்திருந்தாள். பிறகு மூன்றாவதாக ஒரு தேதி. கீழே 2/3 + 1/4 என்று எழுதி, சமக்குறி போட்டு, ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே 12 என்று மட்டும் எழுதியிருந்தாள். மேலே ஒன்றும் இல்லை. ஓரத்தில் பெரிதாக ஒரு ‘அ’, அதற்குக் கீழே தம்பியின் நடுங்கிய கையில் நான்கைந்து ‘அ’. மூன்று நாள் அந்தக் கணக்கைப் போட உட்கார்ந்திருக்கிறாள், மூன்று நாளும் நான் கூப்பிட்டிருக்கிறேன். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. நல்ல பிள்ளை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெரிய குடும்பத்தில் நேரத்துக்குப் பஞ்சமில்லை, பிள்ளைகளுக்கு நாள் முழுக்க நேரம்தான். பஞ்சமெல்லாம் அம்மா அப்பாவின் கவனத்துக்குத்தான். உங்கள் சுவரில் இருப்பது பாடங்களின் அட்டவணை. மூன்று பிள்ளைகளுக்கு ஆறு ஆறு பாடம் என்றால் ஒரு நாளைக்குப் பதினெட்டுப் பாடம். கையில் குழந்தையை வைத்துக்கொண்டு யாராலும் அதை நடத்த முடியாது. அந்தப் பதினெட்டையும் நடத்தப்போய்தான் மூத்தவள் ஆசிரியை ஆகிவிட்டாள். உங்கள் கவனத்துக்கு ஓர் அட்டவணை போடுங்கள். என்னுடைய பதில் இதுதான்.

எங்கள் வாரத்தைச் சொல்கிறேன். வீட்டில் பல பேர் படித்த காலத்திலிருந்தே இப்படித்தான். காலையில் ஒரே ஒரு பாடம், எல்லோருக்கும் சேர்த்து. வரலாறு, பூகோளம், அறிவியல், கதை எல்லாம் இதில் அடங்கிவிடும். நான் சத்தமாக வாசிப்பேன். முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். நான்கு வயதுக்காரர் படம் வரைவார், ஏழு வயது வாயால் சொல்லும், பத்து வயது அரைப் பக்கம் எழுதும், மூத்தவர் ஒன்றரைப் பக்கம். பாடம் ஒன்றுதான், ஆளாளுக்கு ஏற்ப அது தானாகவே ஏறி இறங்கிக்கொள்ளும். சின்னவரை முதலில் சொல்ல விடுங்கள். பெரியவர்கள் முந்திக்கொண்டால் அவருக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. இப்படித் திருப்பிச் சொல்ல வைப்பது என் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் சார்லட் மேசன் (1842–1923) தன் கல்விமுறைக்கே இதைத்தான் அடித்தளமாக வைத்தார். எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ஒரு பாடம் 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். ஆறு பேரை வளர்த்த பிறகு அதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன்.

சேர்த்து நடத்தவே முடியாதவை இரண்டு: வாசிக்கக் கற்றுக்கொள்வதும் கணக்கும். அவற்றில் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு படியில் நிற்கும். அதற்குத்தான் தனி நேரம். மூத்தவளுக்கு 30 நிமிடம், பத்து வயதுக்காரனுக்கு 30, ஏழு வயதுக்காரிக்கு வாசிப்பு 20, கணக்கு 20, சின்னவனுக்கு மடியில் வைத்துப் பத்து. கூட்டினால் 110 நிமிடம், இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு போதுமா என்று தோன்றும். 1984இல் பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டார்: ஒருவருக்கு ஒருவராக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தபோது, நடுத்தரமான மாணவர்கூட வழக்கமான வகுப்பில் படித்த நூறு பேரில் 98 பேரைத் தாண்டிவிட்டார். பின்னால் வந்த ஆய்வுகளில் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக வரவில்லை. ஆனாலும் தனியாகச் சொல்லிக்கொடுப்பதில் பலன் அதிகம் என்பதில் சந்தேகமே இல்லை. உங்கள் 20 நிமிடத்தைக் குறைத்து எடைபோடாதீர்கள்.

கழித்தல் கணக்குக்கு அழுதாள் என்று எழுதியிருந்தீர்கள். என் மூன்றாவது பையனும் அழுதான். 42இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டும். ‘கடன் வாங்கு’ என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை. யாரிடம், எதற்கு, எப்போது திருப்பித் தருவது என்று கேட்டான். சரி என்று தீக்குச்சிகளை மருந்தைக் கிள்ளிவிட்டு எடுத்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். நான்கு கட்டு, இரண்டு உதிரி. “இதிலிருந்து 17 குச்சி கொடு” என்றேன். ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தான். இன்னும் ஏழு வேண்டும், கையில் இருப்பது இரண்டு. கட்டைப் பிரிக்க மனசே வரவில்லை அவனுக்கு. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ரப்பர் பேண்டை உருட்டிக் கழற்றினான். பன்னிரண்டு உதிரியிலிருந்து ஏழு கொடுத்துவிட்டு, மிச்சத்தை எண்ணி, “இருபத்தஞ்சு” என்றான். அப்புறம் அவன் கடனைப் பற்றிக் கேட்கவேயில்லை. பத்து நாள் குச்சியில் செய்துவிட்டுத்தான் நோட்டுக்குப் போனோம். பிரித்த கட்டுகளைத் திரும்பப் பத்தாக எண்ணிக் கட்டும் வேலையை நான்கு வயதுத் தங்கை தானாகவே எடுத்துக்கொண்டாள். பத்து வரை எண்ண அவளுக்கு நான் தனியாகச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

புதன்கிழமை உங்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. எங்களுக்கும் நடப்பதில்லை, அதனால் புதனைக் காலியாகவே விட்டுவிட்டோம். அன்றைக்குப் புதுப் பாடம் கிடையாது. வெளியே போவோம், இலை பொறுக்கி ஒட்டுவோம், வீட்டை எல்லோரும் சேர்ந்து துடைப்போம். திங்கள், செவ்வாயில் ஏதாவது சிந்தியிருந்தால் புதன் அதை ஏந்திக்கொள்ளும். காய்ச்சல் ஒருவர் விட்டு ஒருவருக்கு வருகிற வாரங்களில் காலை வாசிப்பு மட்டும்தான், அதுவும் படுக்கையில்.

வெள்ளிக்கிழமை ஞாபகப்படுத்தும் நாள். நோட்டு, புத்தகம் எல்லாவற்றையும் மூடிவிட்டு, வாரம் முழுக்கப் படித்ததில் நினைவில் இருப்பதைச் சொல்ல வேண்டும். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் தங்கியிருந்தது. விட்டதைப் பிடிக்க நீங்கள் வெள்ளி சாயங்காலம் வரை உட்கார வைத்தீர்களே, அதற்குப் பதில் இந்த அரை மணி நேரத்தைச் செய்து பாருங்கள். சனிக்கிழமை நானும் கணவரும் மட்டும் உட்கார்ந்து அடுத்த வாரத்தைப் பேசுவோம். தனி நேரத்தில் ஒரு பங்கை அவரும் ஏற்றுக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உங்கள் கடிதத்தில் பிள்ளைகளின் அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவரையும் கூப்பிடுங்கள்.

இனி மூத்தவள். பெரிய பிள்ளைகளை வைத்துச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பழைய வழி. ஆண்ட்ரூ பெல் என்பவர் மதராஸில் ஓர் அநாதைப் பள்ளியை நடத்தியபோது அப்படிச் செய்து பார்த்து, 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டரும் அதே காலத்தில் இங்கிலாந்தில் இதைப் போல ஒரு முறையை நடத்தினார். ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம், செலவு குறைவு என்பதால்தான் அது பரவியது. சமாளிக்கிறவருக்கு வசதியான முறை அது. அந்தப் பெரிய பிள்ளையின் பக்கத்திலிருந்து யாராவது யோசித்தார்களா என்று எனக்குத் தோன்றும்.

அதற்காக, மூத்தவள் சொல்லிக்கொடுக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது மூத்த பிள்ளைகளின் அறிவு வளர்ச்சிக்கு உதவுகிறது என்று 1975இல் ராபர்ட் ஜயான்ஸ், கிரெகரி மார்கஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் முன்வைத்தார்கள். என் மகளிடமும் அதைக் கண்ணால் பார்த்தேன். தம்பிக்கு வாய்ப்பாட்டை விளக்கப்போய்த்தான் அவளுக்கே அது பிடிபட்டது. ஆனால் அளவு வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம், ஒரு பிள்ளைக்கு, ஒரே ஒரு விஷயம். அதுவும் அவளுடைய பாடம் முடிந்த பிறகு, அவளுக்குச் சம்மதம் என்றால் மட்டும். அதட்டும் வேலையை ஒருபோதும் அவளிடம் கொடுக்காதீர்கள். அது அக்கா தம்பி உறவையே கெடுத்துவிடும்.

கைக்குழந்தை மதியம் தூங்குமே, அந்த நேரத்தை மூத்தவளுக்கென்று ஒதுக்குங்கள். மற்றவர்கள் படுத்திருக்கட்டும், சத்தமில்லாமல் படம் பார்த்துக்கொண்டிருக்கட்டும், பரவாயில்லை. அந்த இரவுக்கு மறுநாள் நான் என் மகளோடு அப்படி உட்கார்ந்தேன். அவள் நோட்டைத் திறந்து, எழுதாமல், நிமிர்ந்து என்னைப் பார்த்து, “இப்ப யாரையாவது பார்த்துக்கணுமா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு நான்காவது தேதியை எழுதிவிட்டு, அந்த 12க்கு மேலே 8 + 3 என்று போட்டாள்.

சுவரில் இருக்கும் அட்டவணையை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு மூத்தவளின் நோட்டை எடுத்து, கடைசியாக எழுதியிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். அவளுடைய பாடம் அங்கிருந்து தொடங்கட்டும். ஒரு மாதம் கழித்து எனக்குக் கட்டாயம் எழுதுங்கள். அவளுக்கு விருப்பமிருந்தால் அவளையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா