திருப்தி கிடைத்தால் அது சுயநலமா?

கேள்வி: யாரும் யாருக்கும் சும்மா உதவுவதில்லை. ஒருவர் பேருக்காகச் செய்கிறார், இன்னொருவர் புண்ணியத்துக்காக, மற்றவர் மனத்திருப்திக்காக. எல்லாம் சுயநலம்தான். இதை ஒப்புக்கொள்ளாமல் மனிதநேயம், மனிதநேயம் என்று ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள்?

பதில்: மூன்று காரணங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். முதலில் அதை அவிழ்த்துவிடுவோம். பேருக்காகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், சரி. புண்ணியக் கணக்குப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாடப் போவதில்லை. நமக்குள் வழக்கு மூன்றாவதில்தான்.

உதவினால் மனம் நிறைகிறது, ஆகவே மனம் நிறைவதற்காகத்தான் உதவுகிறோம் என்கிறீர்கள். ஒருவர் விழுந்து கிடக்கிறார். அவர் எழுந்தால் என்ன, எழாவிட்டால் என்ன என்று இருப்பவனுக்கு அவரைத் தூக்கி உட்காரவைப்பதில் என்ன திருப்தி கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. அக்கறை இருந்தால்தான் திருப்தி வரும். பின்னால் வருவதை எடுத்து முன்னால் வைத்து, இதுதான் காரணம் என்கிறீர்கள். பசித்தவருக்குச் சோறு ருசிக்கிறது. ருசிக்க வேண்டும் என்பதற்காக யாருக்கும் பசி எடுப்பதில்லை.

உங்கள் கட்சியில் பெரிய ஆள் ஒருவர் இருக்கிறார், அவரையும் சொல்லிவிடுகிறேன். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ். மனிதனை இயக்குவது சுயநலம் என்று எழுதியவராக அறியப்பட்டவர். அவர் தெருவில் ஒரு முதியவருக்குக் காசு கொடுத்ததைப் பார்த்து, ‘மதம் சொல்லாவிட்டாலும் கொடுத்திருப்பீர்களா?’ என்று ஒருவர் கேட்டாராம். கொடுத்திருப்பேன், அவர் படும் பாட்டைப் பார்க்க எனக்கு வலித்தது, என் காசு அவருக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல் என்றாராம் ஹாப்ஸ். அவரை அறிந்த ஜான் ஆப்ரி எழுதிவைத்த சம்பவம் இது.

நல்ல பதில். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. நம் வலியைப் போக்கத்தான் உதவுகிறோம் என்றால், அங்கிருந்து நழுவிப் போனாலும் அந்த வலி போய்விடுமே? அமெரிக்க உளவியலாளர் டேனியல் பேட்சன் 1981இல் இதைத்தான் கேட்டார். கல்லூரி மாணவிகள், எலைன் என்ற பெண்ணுக்கு மின்அதிர்ச்சி கொடுக்கப்படுவதைப் பார்த்தார்கள். அது நடிப்பு, அவர்களுக்குத் தெரியாது. சிலருக்கு, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்ற வசதி இருந்தது. மற்றவர்கள் கடைசிவரை பார்த்தாக வேண்டும். அப்புறம், ‘அவளுக்குப் பதிலாக நீங்கள் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறீர்களா?’ என்று கேட்டார்கள். தன்னைப் போன்றவள் என்று தோன்றினால் அக்கறை கூடும் என்பது ஆய்வின் கணக்கு. எலைன் தன்னைப் போன்றவள் அல்ல என்று நினைக்கவைக்கப்பட்டவர்களில், கிளம்பிவிடலாம் என்ற வசதி கிடைத்தபோது சம்மதித்தவர்கள் 18 சதவீதம்தான். தன்னைப் போன்றவள் என்று நினைத்தவர்களோ, அதே வசதி இருந்தும் 91 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். கதவு திறந்திருக்கிறது. எழுந்து போனால் கேட்பார் யாருமில்லை. அப்படியும் அவள் வலியைத் தங்கள் உடம்பில் வாங்கிக்கொள்ள முன்வந்தார்கள். இது ஆறுதல் தேடும் சுயநலம் என்றால், அந்தச் சொல்லுக்கே பொருள் போய்விடும்.

இந்த முடிவை எல்லாரும் ஏற்றுவிடவில்லை. ராபர்ட் சியால்டினி போன்ற உளவியலாளர்கள், அது அக்கறை அல்ல, தன் சோகத்தைத் தணித்துக்கொள்ளும் முயற்சி, பிறரில் தன்னையே காண்பது என்றெல்லாம் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள். அவர்களுடைய பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பிறரில் தன்னைக் காண்பதைச் சுயநலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குழந்தைகளைப் பாருங்கள். பேர், புண்ணியம் எதுவும் தெரியாத வயது. ஒருவர் துணி காயப்போடும்போது கிளிப்பைத் தவறவிட்டு, எட்டி எடுக்க முடியாமல் தவிக்கிறார். 18 மாதக் குழந்தைகள் தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுத்தன. 2006இல் வார்னெக்கன், டொமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியது இது. இரண்டு ஆண்டு கழித்து அவர்களே இன்னொன்றும் கண்டார்கள்: உதவியதற்குப் பரிசு வாங்கிப் பழகிய 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்றபின் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகத்தான் உதவின. கூலி கொடுத்தால் கெட்டுப்போகிற ஒன்று கூலிக்காகப் பிறந்திருக்க முடியுமா?

உங்கள்மேல் எனக்கு உண்மையான வருத்தம் ஒன்று உண்டு. ‘எல்லாம் சுயநலம்’ என்ற சொல், உதவுகிறவரை ஒரு படி இறக்குகிறது, சும்மா நிற்பவரை அவருக்குச் சமமாக ஏற்றுகிறது. கைகட்டி நிற்பதற்கு இவ்வளவு வசதியான தத்துவம் வேறு கிடையாது. ஏன் உதவுகிறார்கள் என்று துருவுவதைவிட, மனசு இருந்தும் ஏன் நின்றுவிடுகிறார்கள் என்று கேட்டிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

1973இல் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இன்னொரு கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும் என்று அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு, இருமிக்கொண்டு கிடந்தார். நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் உதவினார்கள். ‘தாமதமாகிவிட்டது, ஓடு’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். இத்தனைக்கும் அவர்களில் பாதிப் பேர் பேசப் போனதே, அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றிய நல்ல சமாரியன் கதையைப் பற்றி! கல்மனசு என்று அவர்களைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவசரம் கண்ணை மறைத்துவிட்டது.

கூட்டமும் அப்படித்தான். 1968இல் டார்லி, லட்டானே நடத்திய ஆய்வில், பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்டது. தான் மட்டும்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், குரல் அடங்குமுன்பே சொல்ல ஓடினார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். மற்றவர்கள் அலட்சியமாக உட்கார்ந்திருக்கவில்லை. கை நடுங்கியது, உள்ளங்கை வேர்த்தது. ஆய்வாளர் உள்ளே வந்ததும், ‘அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?’ என்றுதான் கேட்டார்கள். அக்கறை இருந்தது. போக வேண்டியது தான்தான் என்பது மட்டும் அவர்களுக்கு உறைக்கவில்லை.

எனக்கும் இது நடந்திருக்கிறது. படிக்கட்டில் ஒரு பெரியவர் சரிந்து விழுந்தபோது, யாராவது போவார்கள் என்று கூட்டத்தோடு நானும் நின்றேன். ஒரு பள்ளிச் சிறுமி பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். அடுத்த நொடி பத்துப் பேர் ஓடினோம், நானும்தான். அவள் ஓடுவதற்கு முன்பும் எங்களுக்கு இரக்கம் இல்லாமல் இல்லை.

அதனால் உங்களுக்கு என்றாவது பொது இடத்தில் உடம்புக்கு முடியாமல் போனால், ‘யாராவது வாங்க’ என்று கத்தாதீர்கள். ஒருவரைக் கண்ணுக்கு நேரே பார்த்து, ‘நீலச் சட்டை போட்டிருக்கிற நீங்கதான், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க’ என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் கூப்பிடுவார்.