விழாவுக்கு 'மக்கும் தட்டு' வாங்கலாமா?

கேள்வி: எங்கள் நகர் நலச்சங்கம் சார்பில் காணும் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு அன்று 'பசுமைத் திருவிழா' நடத்துகிறோம். பழைய துணியில் பை தைப்பது, பழுதான மிக்சி, ஃபேன் சரிசெய்வது, விதைப் பகிர்வு, புத்தகம் பொம்மை மாற்றிக்கொள்வது எல்லாம் உண்டு. மதியம் 350 பேருக்குச் சாப்பாடு. ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் 'ஜீரோ வேஸ்ட் பேக்கேஜ்' என்று 52,000 ரூபாய் கேட்கிறார். மக்கும் தட்டு, பேப்பர் கப், வருபவர்களுக்குப் பை, சாப்பாட்டுக் கழிவை 24 மணி நேரத்தில் உரமாக்கும் மெஷின் ஒரு நாள் வாடகைக்கு, கடைசியில் ஒரு சான்றிதழ். சங்கத்தில் அவ்வளவு பணம் இல்லை. பசுமை என்று பெயர் வைத்துவிட்டுக் குப்பையைக் குவித்துவிடுவோமோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகர், திருச்சி

பதில்: பேக்கேஜ் வேண்டாம். அவர் சொன்ன ஐந்தில் ஒன்றுகூட உங்களுக்குத் தேவையில்லை. வாழை இலை, வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து எவர்சில்வர் டம்ளர், மூன்று அண்டா, கொஞ்சம் கம்பி வலை, பத்துப் பதினைந்து சாக்கு சருகு. இவ்வளவுதான் விஷயம். எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பேக்கேஜில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்துவிடுவோம். உங்களை மாதிரி நல்ல எண்ணத்தோடு விழா நடத்துகிறவர்களைக் குறிவைத்தே இந்த வியாபாரம் நடக்கிறது.

'மக்கும் தட்டு' என்ற ஒரே பெயரில் பல சரக்கு விற்கிறார்கள். பாக்குமட்டைத் தட்டும், மந்தாரை இலையைத் தைத்த தட்டும் மண்ணில் போட்டால் மண்ணாகிவிடும். அதில் எனக்குச் சண்டை இல்லை. கரும்புச் சக்கைத் தட்டும் மக்கும். எண்ணெய் கசியாமல் இருக்க உள்ளே ஒரு படலம் ஒட்டியிருந்தால் அந்தப் படலம் மக்காது. மூன்றாவதுதான் சிக்கல். வெள்ளையாக, வழுவழுப்பாக, 'மக்காச்சோள மாவில் செய்தது' என்று சொல்லிக் கொடுப்பார்கள். பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் அது. மாவுச்சத்திலிருந்து வருவது உண்மை. மக்கும் என்பதும் உண்மை. எங்கே மக்கும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். மக்கும் பிளாஸ்டிக்குக்கான தரநிலைச் சோதனை ஏறத்தாழ 58 டிகிரி வெப்பத்தில், பெரிய உரக்கூடத்தில் இருக்கும் நிலைமையில் நடக்கிறது. அந்தச் சூட்டை வாரக்கணக்கில் அப்படியே வைத்திருக்க வேண்டும். உங்கள் மொட்டை மாடி உரத்தொட்டியில் அந்தச் சூடு வராது. குப்பைக் கிடங்கில் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காகக் கிடக்கும். பழைய பிளாஸ்டிக் வாங்கும் கடைக்குப் போனால் அங்கேயும் கலந்து, மறுசுழற்சிக்குப் போகும் நல்ல சரக்கைக் கெடுக்கும். தவிர, கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் ஊற்றினால் அதுவே நெளிந்துவிடும்.

சான்றிதழ் காட்டினாரா? கட்டாயம் காட்டியிருப்பார். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் என் கண் முன்னால் நடந்தது. சப்ளையர் வாட்ஸ்அப்பில் ஒரு சான்றிதழ் அனுப்பினார். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பெயர், எண், கையெழுத்து எல்லாம் பிரமாதமாக இருந்தது. தட்டுக் கட்டைப் பிரித்து அட்டையைப் பார்த்தேன். சான்றிதழில் ஒரு கம்பெனி, அட்டையில் வேறொரு கம்பெனி. கேட்டால், 'எல்லாம் ஒரே குரூப்தான் சார்' என்றார். சான்றிதழ் அசல்தான். அந்தத் தட்டுக்கு உரியது இல்லை, அவ்வளவே.

இந்த இடத்தில் ஒரு விலக்கைப் பற்றி நிறுத்திச் சொல்ல வேண்டும். வியாபாரிகள் பிடித்துத் தொங்குவது இதைத்தான். 2018 ஜூனில் வந்த அரசாணைப்படி, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தடிமன் எவ்வளவு என்ற பேச்சே கிடையாது. அதே ஆணையில், மக்கும் பிளாஸ்டிக்கில் செய்த பொருட்களில் கைப்பைகளுக்கு மட்டும் ஒரு விலக்கு. அதுவும் நிபந்தனையோடு. பையின் மேலேயே 'கம்போஸ்டபிள்' என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். மத்திய விதிப்படி தயாரித்தவர் பெயரும் அவருடைய சான்றிதழ் எண்ணும் பையிலேயே இருக்க வேண்டும். நன்றாகக் கவனியுங்கள்: 'பயோடிகிரேடபிள்' என்று பச்சை இலைப் படம் போட்டிருந்தால் போதாது. 'இகோ ஃபிரெண்ட்லி' போதாது. 'ஆக்ஸோ' என்று தொடங்கும் எந்தப் பெயரும் போதாது. அது சாதாரண பிளாஸ்டிக்கில் ஒரு மருந்தைக் கலந்து, வெயில் பட்டால் துண்டு துண்டாக உதிரும்படி செய்தது. உதிர்வது வேறு, மக்குவது வேறு. எண் இருந்தால் மத்திய வாரியத்தின் பட்டியலில் அந்தப் பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினாலும் அந்தப் பை மக்க மேலே சொன்ன 58 டிகிரி வேண்டும். அப்படிப்பட்ட உரக்கூடம் உங்கள் வார்டில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த விலக்கு சட்டத்தில்தான் இருக்கிறது, உங்கள் தெருவில் இல்லை.

பேப்பர் கப்புக்கு வருகிறேன். பெயர்தான் பேப்பர். ஒரு கப்பை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். காகிதம் கூழாகிவிடும், உள்பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு தோல் தனியாக உரிந்து வரும். பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் அது. விரலில் இழுத்தால் நீளும். கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் இப்படிப்பட்ட கப்பில் 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி நீரை 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் அதில் கரைந்து இறங்கியிருந்தன. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தட்டும் அந்தப் 14-இல் இருப்பவை. தடை செய்யப்பட்டவை. இருந்தும் எந்த டீக்கடையில் இல்லை? பூக்காரம்மாவிடம் பத்துப் பையைப் பிடுங்கி அபராதம் போடுகிறார்கள். லாரி லாரியாக மொத்தக் கடைக்கு இறங்கும் சரக்கை யார் தடுத்தார்கள்? எழுதி எழுதி என் கை ஓய்ந்துவிட்டது. அவர் கொடுப்பதை வாங்கி விழாவில் அடுக்கினால், விதியை மீறுவது உங்கள் சங்கமாக இருக்கும். ஏற்பாட்டாளர் மாலையே பணத்தோடு போய்விடுவார்.

இலவசப் பை: தொட்டால் துணி மாதிரி இருக்கும், ஓரத்தில் நூல் தையலுக்குப் பதில் சூட்டில் ஒட்டியிருக்கும், குட்டிக் குட்டிப் புள்ளி அச்சு தெரியும். அது நான்-ஓவன், அதாவது நெய்யாத துணி. பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். இதுவும் தடைப் பட்டியலில் உண்டு. ஒரு நூல் அளவு கிள்ளி, வெட்டவெளியில் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். நான்-ஓவன் உருகிச் சுருண்டு, ஆறியதும் கடுகு மாதிரி கெட்டியாக நிற்கும். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோது சொன்னது பருத்திப் பையை. ஆனால் ஒன்று கேட்கிறேன். வருகிறவர்களுக்கு எதற்குப் பை? ஒவ்வொரு வீட்டிலும் கல்யாணத்தில் தாம்பூலத்தோடு வாங்கிய பை இருபது கிடக்கிறது. தைக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கொடி கட்டி, எல்லோரையும் இரண்டு பை கொண்டுவந்து மாட்டச் சொல்லுங்கள். தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்ளட்டும்.

மெஷின் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் அதிகம். 24 மணி நேரத்தில் உரம் ஆகாது. ஆகவே ஆகாது. அந்தப் பெட்டி சாப்பாட்டை அரைத்து, சூடாக்கி, ஈரத்தை ஓட்டுகிறது. வெளியே வருவது காபித்தூள் நிறத்தில் காய்ந்த சாப்பாடு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கி, கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு மூலையில் போர்த்தி வைத்திருக்கிறார்கள். எத்தனை இடத்தில் பார்த்துவிட்டேன்! சந்தேகம் இருந்தால் ஒரு பிடி வாங்கி டம்ளரில் போட்டு, தண்ணீர் தெளித்து, மூடி வைத்து மூன்றாம் நாள் திறங்கள். புளித்த வாடை அடித்தால் அது உரம் இல்லை. அதைச் செடிக்குப் போட்டால் வேரில்தான் அழுகத் தொடங்கும். நல்ல உரத்தில் மழை பெய்த மண் வாசனை தவிர வேறு எதுவும் இருக்காது; வெந்தயம் தூவினால் ஒழுங்காக முளைக்கும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. பந்தி போட்டு வாழை இலையில் பரிமாறுங்கள். பஃபே வைத்தால் ஆளுக்கு ஒரு தட்டு, இனிப்புக்கு ஒரு கிண்ணம், இரண்டு ஸ்பூன் என்று பாத்திரம் மூன்று மடங்காகும், மிச்சமும் அதிகம். பந்தியில் பரிமாறுகிறவர் 'இன்னும் கொஞ்சம்?' என்று கேட்டுவிட்டு வைத்தால் இலையில் வீணாவது நிறையக் குறையும். சமையல் மாஸ்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: உப்பு, சர்க்கரை பாக்கெட் கூடாது, மேசை மேல் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட் கூடாது. அந்த ஷீட்டும் தடைப் பட்டியலில் இருக்கிறது. கேட்காவிட்டால் பழக்க தோஷத்தில் விரித்துவிடுவார்கள்.

டம்ளர் 400 வாடகைக்கு எடுங்கள். மூன்று அண்டா வரிசையாக வையுங்கள். முதலாவதில் சோப்புத் தண்ணீர், இரண்டாவதில் பச்சைத் தண்ணீர், மூன்றாவதில் கை தாங்காத வெந்நீர். இடுக்கியால் எடுத்து, சுத்தமான வேட்டி விரித்த மேசையில் கவிழ்த்து வைத்தால் துடைக்கக்கூடத் தேவையில்லை. முதல் அண்டாத் தண்ணீர் கலங்கியதும் மாற்றுங்கள். நாங்கள் இதே அளவு கூட்டத்துக்கு 200 லிட்டருக்குள் முடித்திருக்கிறோம். கழுவ வரும் பெண்களுக்கு உட்கார ஸ்டூல், கையுறை, மரியாதையான கூலி. பேக்கேஜுக்குக் கொடுக்காத பணத்தில் இது வரும். மீதியில் உங்கள் பகுதி மிக்சி மெக்கானிக்குக்கு ஒரு நாள் சம்பளம் கொடுத்து ரிப்பேர் மேசையில் உட்கார வையுங்கள். விழாவில் உண்மையிலேயே குப்பையைக் குறைக்கப்போவது அவர்தான்.

எச்சில் இலையும் மிச்சமும் ஆளுக்குக் கால் கிலோ என்று வைத்தால் 90 கிலோ வரும். கம்பி வலையை மூன்றடி அகலம், நாலடி உயரத்தில் உருளையாக வளைத்து இரண்டு கூண்டு செய்யுங்கள். அடியில் ஒரு முழம் சருகு. இலையை நாலாகக் கிழித்து, நடு நரம்பை அரிவாளால் துண்டாக்கி ஒரு அடுக்கு. அதன் மேல் இரண்டு பங்கு சருகு. சாணிக் கரைசலோ புளித்த மோரோ தெளித்து, மறுபடி இலை. கடைசி அடுக்கு எப்போதும் சருகாக இருக்கட்டும், ஈ வராது. மூன்றாம் நாள் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி, சற்றுப் பொறுத்து எடுத்துத் தொட்டுப் பாருங்கள். பிடிக்க முடியாமல் சுடும். அப்படிச் சுட்டால் சரியாகப் போகிறது. சுடவில்லை என்றால் தண்ணீர் போதவில்லை. நாறினால் சருகு போதவில்லை. வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மாதத்தில் உரம். (இந்தச் சூட்டில் பி.எல்.ஏ. மக்காதா என்று யாராவது கேட்பார்கள். இந்தச் சூடு சில நாளில் தணிந்துவிடும்.)

மிஞ்சிய சோற்றை மாட்டுக்குக் கொட்டாதீர்கள். பொங்கல் சமயத்தில் இதை எல்லோரும் புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள். வேகவைத்த சோறும் சர்க்கரைப் பொங்கலும் வாளிக்கணக்கில் உள்ளே போனால் மாட்டின் வயிற்றில் அமிலம் கூடி, வயிறு உப்பி, சில சமயம் உயிரே போய்விடும். சாப்பாடு ஒட்டாத இலையும் காய்கறித் தோலும் கொடுக்கலாம். கை படாத சோறு இருந்தால் சூடு ஆறுவதற்குள் மனிதர்களுக்கே போய்ச் சேர ஏற்பாடு செய்யுங்கள்.

அவர் தரும் 'ஜீரோ வேஸ்ட் சான்றிதழ்' அவரே அச்சடித்தது. அதைக் கேட்கப் போகிறவர்கள் யாரும் இல்லை. உங்களுக்கு வேண்டிய ஒரே காகிதம் வேறு. உரிமம் பெற்ற மண்டபம் தவிர வேறு இடத்தில் 100 பேருக்கு மேல் கூடினால், குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன் உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தது; இப்போதைய விதியை வார்டு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போவதை எங்கள் பகுதியில் நானே நின்று பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஈரக் குப்பையை அவர்களிடம் கொடுக்காமல் கூண்டிலேயே போடச் சொல்கிறேன். ஆனாலும் கடிதம் கொடுங்கள். பொங்கல் விடுமுறை வேலை நாள் கணக்கில் வராது. போகிக்கு முந்தைய வாரமே போய்விடுங்கள். வார்டு அலுவலகத்தில் இரண்டு பிரதி கொடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். 'வைத்துவிட்டுப் போங்கள்' என்பார்கள். முத்திரை வாங்காமல் வராதீர்கள்.