கேண்டிலா, மெம்பரேனா? மீட்டரைக் கேட்காதீர்கள்

ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "வீட்டில் நான்கு பேர். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர்தான் வருகிறது. மழைக்காலத்தில் சில நாள் கலங்கலாக இருக்கும். கரண்ட் தேவைப்படாத, சமையல் மேடையில் வைக்கிற ஃபில்டர் வாங்கலாம் என்று இருக்கிறோம். ஒரு கடையில், எவர்சில்வர் பாத்திரத்தில் பீங்கான் கேண்டில் போட்டதுதான் காலத்துக்கும் நிற்கும் என்கிறார்கள். இன்னொரு கடையில், அதெல்லாம் பழைய சாமான், மெம்பரேன் வைத்ததுதான் கிருமியைப் பிடிக்கும் என்கிறார்கள். வீடு தேடி வந்த ஒருவர் தண்ணீரில் மீட்டரை விட்டுப் பார்த்து, டிடிஎஸ் 420 காட்டுகிறது, இதற்கு இரண்டுமே உதவாது, ஆர்.ஓ.தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து குழந்தைகளுக்குத் தண்ணீர் கொடுக்கவே பயமாக இருக்கிறது."

முதலில் அந்த 420-ஐப் பேசி முடித்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் பயம் அங்கேதான் இருக்கிறது.

அந்த மீட்டர், தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் உப்புகளின் அளவை, அதாவது டிடிஎஸ்ஸை, தோராயமாகக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் தண்ணீர் நல்ல சுவையோடு இருக்கும், 1000-ஐத் தாண்டினால் வாய்க்குப் பிடிக்காது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடல்நலத்தை வைத்து டிடிஎஸ்ஸுக்கு அது எந்த வரம்பும் விதிக்கவில்லை. 420 என்பது குடிக்க நன்றாக இருக்கும் தண்ணீர்.

அந்த மீட்டருக்குக் கிருமி தெரியாது. ஆர்சனிக் என்ற நஞ்சும் தெரியாது. ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப்போல் பத்து மடங்கு இருந்தால்கூட 420 என்பது 420.1 ஆகும், மீட்டரில் எண் அசையாது. சாக்கடை கலந்த தண்ணீர் 300 காட்டலாம், சுத்தமான ஊற்றுத் தண்ணீர் 500 காட்டலாம். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: கேண்டிலோ மெம்பரேனோ, கரண்ட் இல்லாமல் சொட்டுகிற இந்த ஃபில்டர்கள் உப்பை எடுப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மேலே ஊற்றியது 420 என்றால் கீழேயும் 420-க்குப் பக்கத்தில்தான் காட்டும். அதை வைத்து 'உங்கள் ஃபில்டர் வேலை செய்யவில்லை' என்று அடுத்த ஆள் வந்து சொல்வார். நம்பாதீர்கள்.

அடுத்த முறை வருகிறவர் இரண்டு கம்பிகள் வைத்த ஒரு கருவியையும் கொண்டு வரலாம். உங்கள் தண்ணீர் ஒரு டம்ளரில், அவர் கொண்டு வந்த, உப்பை எடுத்துவிட்ட ஆர்.ஓ. தண்ணீர் ஒரு டம்ளரில். கரண்ட் கொடுத்ததும் உங்கள் டம்ளர் பழுப்பாகி, பச்சையாகி, சேறாகத் திரளும். அவருடையது தெளிவாக நிற்கும். பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அந்தச் சேறு கம்பியிலிருந்து கரைந்து வந்த இரும்பு. உப்பு இருக்கிற தண்ணீரில் மின்சாரம் ஓடும், கம்பி கரையும். உப்பு இல்லாத தண்ணீரில் ஓடாது. அவர் டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவும் சேறாகும். இந்த வித்தையைக் காட்டித் தாய்மார்களைப் பயமுறுத்துவது இன்றும் தடையில்லாமல் நடக்கிறது என்பது எனக்கு ஆறாத கோபம்.

சரி, ஃபில்டருக்கு வருவோம். எவர்சில்வர், பிளாஸ்டிக், கண்ணாடி, மண் எல்லாமே வெறும் பாத்திரம். தண்ணீரைச் சுத்தம் செய்வது நடுவில் இருக்கும் கேண்டிலோ கார்ட்ரிட்ஜோ மட்டும்தான். பாத்திரத்தின் பளபளப்புக்குக் கொடுக்கிற பணம் தண்ணீருக்குள் போவதில்லை.

பீங்கான் கேண்டிலின் துளைகள் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவானவை. வயிற்றுப்போக்கைத் தரும் ஒட்டுண்ணியான கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6 மைக்ரான், ஜியார்டியா அதைவிடப் பெரியது, இரண்டும் மாட்டிக்கொள்ளும். ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களில் பெரும்பகுதியும் நின்றுவிடும். வைரஸ் மட்டும் நிற்காது. இது விற்பவர்கள் வாயிலிருந்து வராத செய்தி, ஆனால் மிகப் பழைய செய்தி. 1884-இல் பாரிஸில் பாஸ்டரின் ஆய்வகத்தில் சேம்பர்லாண்ட் பாக்டீரியாவைத் தடுக்கும் பீங்கான் வடிகட்டியைச் செய்தார். 1892-இல் ரஷ்யாவில் இவனோவ்ஸ்கி, நோய் கண்ட புகையிலை இலையின் சாற்றை அந்த வகை வடிகட்டியில் விட்டபோது, வடிந்து வந்த சாறும் நோயைப் பரப்பியது. வைரஸ் என்று ஒன்று இருப்பதே அது பீங்கானைத் தாண்டி வந்ததால்தான் பிடிபட்டது.

மெம்பரேன் என்பது உள்ளே துளையுள்ள மெல்லிய இழைகளின் கட்டு. துளை 0.01 முதல் 0.1 மைக்ரான் வரை, தயாரிப்பைப் பொறுத்து. இந்த வித்தியாசம் சின்னதல்ல. ஹெப்படைடிஸ் ஏ வைரஸ் சுமார் 0.03 மைக்ரான். 0.01 அதைத் தடுக்கும், 0.1 தடுக்காது. இரண்டுக்கும் பெட்டியில் எழுதியிருப்பது 'மெம்பரேன்' என்ற ஒரே சொல்தான். அதனால் மெம்பரேன் என்றாலே வைரஸ் நிற்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், எண்ணைக் கேளுங்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது, நடுவில் கரி வைத்த பீங்கான் கேண்டில். காரணம் எளிது. குளோரின் வைரஸையும் பாக்டீரியாவையும் ஏற்கெனவே கொன்றுவிடுகிறது. குளோரினுக்கு அசையாதது கிரிப்டோஸ்போரிடியம்; அதைப் பீங்கான் பிடித்துவிடும். குளோரின் வாடையைக் கரி எடுத்துவிடும். கலங்கலாக வரும் நாட்களிலும், தெருவில் குழாய் உடைத்து வேலை நடக்கும் நாட்களிலும் குளோரினை நம்ப முடியாது. அன்றைக்கு ஃபில்டரில் வடிந்த தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள். முதலில் வடிகட்டுவது, அப்புறம் கொதிக்க வைப்பது. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

மெம்பரேன் கெட்டதில்லை. ஆனால் கலங்கல் தண்ணீரில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், ஊருக்குப் போய் நாள்கணக்கில் காயவிட்டால் பல மெம்பரேன்கள் பழையபடி தண்ணீர் விடாது, உள்ளே ஓர் இழை அறுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பீங்கானை நீங்களே கழட்டலாம், தேய்க்கலாம், விரிசலைப் பார்க்கலாம்.

பெட்டியில் இருக்கும் எண்களைப் பற்றி இரண்டு விஷயம். '99 சதவீதம் கிருமி நீக்கம்' என்பது கேட்க நன்றாக இருக்கும். பத்து லட்சம் பாக்டீரியா உள்ளே போனால் 99 சதவீதத்தில் வெளியே வருவது பத்தாயிரம். 99.9999 சதவீதத்தில் வெளியே வருவது ஒன்று. ஒன்பதுகளை எண்ணிப் பாருங்கள். இரண்டாவது, 'என்.எஸ்.எஃப். தரம்' என்ற வார்த்தை. என்.எஸ்.எஃப். என்பது தரம் வகுத்துச் சான்று கொடுக்கும் ஓர் அமெரிக்க அமைப்பு, ஒவ்வொரு தரத்துக்கும் ஓர் எண் உண்டு. 42 என்ற எண் சுவை, வாடை, குளோரின் சம்பந்தப்பட்டது. உடல்நலத்துக்கானது 53. அதிலும் ஈயத்துக்குச் சான்று வாங்கியதா, சிஸ்ட் எனப்படும், கெட்டியான உறைக்குள் இருக்கும் ஒட்டுண்ணிகளுக்கு வாங்கியதா என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். 42-ஐ வாங்கிக்கொண்டு 'சர்வதேசச் சான்று' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 'அந்தத் தரத்தின்படி சோதிக்கப்பட்டது' என்று எழுதுவதற்கும் 'சான்று பெற்றது' என்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. உலக சுகாதார நிறுவனம் வீட்டு ஃபில்டர்களைப் பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி மூன்றுக்கும் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் திட்டத்தை 2014-இல் தொடங்கியது. எத்தனை நட்சத்திரம் என்று அட்டையில் போட வைத்தால் சாமானியருக்கு அது ஒன்றே போதும். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. வாங்குகிறவர்தான் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது, கடைக்காரர் எவரும் சொல்லாத இடத்துக்கு வருகிறேன். வாஷர்.

சில வருடங்களுக்கு முன் ஓர் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு கேண்டில் வைத்த நல்ல ஃபில்டர். "அரை மணி நேரத்தில் முழுப் பாத்திரமும் இறங்கிவிடும்" என்று அந்த வீட்டு அக்கா பெருமையாகச் சொன்னார். எனக்குத் திக்கென்றது. ஒரு கேண்டிலில் மணிக்கு ஒன்று இரண்டு லிட்டர் வடிந்தாலே அதிகம். மேல் பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்து அடியில் பார்த்தேன். ஒரு கேண்டிலின் நுனியிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது, அது சரி. இன்னொன்றில் தண்ணீர் நட்டைச் சுற்றி, மரையில் வழிந்து, ஒரு நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் வாஷர் ஒரு பக்கம் நசுங்கிப் பிளந்திருந்தது. விரலால் திருப்பியதும் நட் ஒன்றரைச் சுற்று ஏறியது. எத்தனை மாதமாகவோ அந்தக் குடும்பம் குழாய்த் தண்ணீரை அப்படியே குடித்திருக்கிறது.

நீங்கள் வாங்கியதும் இதைச் செய்து பாருங்கள். கேண்டிலின் அடியில் ஒரு பிளாஸ்டிக் அடிப்பாகம் இருக்கும். அது மட்டும் முழுகுகிற அளவுக்கு, பீங்கானைத் தொடாமல், மேல் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். கீழ்ப் பாத்திரத்தைத் துடைத்துக் காயவைத்து, உள்ளே ஒரு காகிதம் போட்டு வைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் காகிதம் நனைந்திருந்தால் வாஷர் ஒழுகுகிறது. விரிசலுக்கு வேறு சோதனை: இரவு முழுதும் ஊறிய கேண்டிலைத் தண்ணீருக்குள் முக்கிப் பிடித்து, அடிக்குழல் வழியாக ஊதுங்கள். ஒரே இடத்திலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பினால் அங்கே பிளவு இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடுங்கள், ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள்.

நான் சொன்ன இதெல்லாம் உங்களுக்கு, அதாவது பொதுக் குழாயில் தண்ணீர் வருகிறவர்களுக்கு. சொந்தக் கிணறோ ஆழ்துளைக் கிணறோ வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கேண்டில் வாங்கப் போக வேண்டாம். அங்கே ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக் கரைந்திருக்கலாம். மூன்றுக்கும் நிறமில்லை, வாடையில்லை, அந்த அளவில் சுவையும் இல்லை. பீங்கான் அதைப் பிடிக்காது. நான் மேலே சொன்ன வகை மெம்பரேனும் பிடிக்காது, துளை 0.01 மைக்ரானாக இருந்தாலும் பிடிக்காது. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், நைட்ரேட் இன்னும் அடர்த்தியாகும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இது விளையாட்டல்ல. லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருந்தால் குழந்தையின் இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாயலாம். ஆகவே கிணற்றுத் தண்ணீர்க்காரர்கள் முதலில் ஆய்வகத்துக்குப் போங்கள். 'குடிநீர்ச் சோதனை' என்று பொதுவாகக் கேட்காமல், இந்த மூன்றின் பெயரையும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், கிருமிச் சோதனையையும் சேர்த்து. கேட்காவிட்டால் கடினத்தன்மை, பி.எச். இரண்டை மட்டும் பார்த்து ஒரு தாளை நீட்டுகிற இடங்கள் உண்டு. ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமுக்கு மேல் என்று வந்தால் அந்த வீட்டுக்கு ஆர்.ஓ. பற்றிப் பேசுவது நியாயம். அதுவும் தாளைப் பார்த்துப் பேசுவது, மீட்டரைப் பார்த்து அல்ல.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. வடிவது மெதுவானால் கேண்டிலைக் கழட்டி, ஓடும் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கவும், சோப்பு கூடாது. தேய்க்கத் தேய்க்கப் பீங்கான் மெலியும், அதனால் தயாரிப்பாளர் சொன்ன தடிமனுக்குக் கீழே போனதும் மாற்றுங்கள். உள்ளே இருக்கும் கரி தீர்ந்தால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. வாங்கிய தேதியைப் பாத்திரத்தில் ஒட்டி வைத்து, அட்டையில் சொன்ன மாதக் கணக்குப்படி மாற்றுவதுதான் வழி. வடிந்த தண்ணீரில் குளோரின் இல்லை என்பதால் கீழ்ப் பாத்திரத்தில் கிருமி சுலபமாக வளரும். வாரம் ஒருமுறை கழுவுங்கள், குழாயில் மட்டும் பிடியுங்கள், டம்ளரை உள்ளே விடாதீர்கள். மாற்றுக் கேண்டிலை வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஆளிடம் வாங்க வேண்டாம். உறையில்லாமல் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது எங்கே செய்தது என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன், "இதற்கு மாற்றுக் கேண்டிலும் வாஷரும் இப்போது கையிருப்பில் இருக்கிறதா, எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டினால் ஒரு செட் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். "அது வரவழைத்துத் தருகிறோம்" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.