ஒய்.பி.யைப் பார்க்கப் போகும் முன் பிஸ்கட் டின்னைத் திறங்கள்

வாசகி கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் சுங்கை சிப்புட்டில், பழைய தோட்டத்து ஆட்கள் குடியேறிய ஒரு தாமானில் இருக்கிறோம். மாமியாருக்கு 71 வயது. சின்ன வயசிலிருந்து பால்மரம் வெட்டியவர். சமூகநல இலாகாவிலிருந்து வந்துகொண்டிருந்த முதியோர் உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை. கேட்டால் "துங்கு டுலு" (கொஞ்சம் பொறுங்கள்) என்கிறார்கள். இதற்கிடையில் என் கொழுந்தனை வேலையிடத்தில் ஒருவன் இரும்புக் கம்பியால் அடித்துவிட்டான். போலீஸ் ரிப்போர்ட் செய்து ஏழு வாரம் ஆகிவிட்டது, ஒரு தகவலும் இல்லை. சட்டமன்ற உறுப்பினர்கள் இந்த மாதிரிப் பிரச்சினைகளைச் சபையில் எழுப்புகிறார்களே, எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரான ஒய்.பி.யைப் பார்த்தால் வேலை நடக்குமா? என்ன கொண்டு போக வேண்டும்?

பதில்: பாருங்கள் சகோதரி, கண்டிப்பாகப் பாருங்கள். நீங்கள் ஓட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் அவர் உங்கள் தொகுதிக்காரர். கட்சி உறுப்பினர் அட்டை வேண்டாம், தெரிந்தவர் சிபாரிசு வேண்டாம், யாருக்கும் காசு கொடுக்கவும் வேண்டாம். ஆனால் எந்த விஷயத்தில் அவருக்கு எவ்வளவு அதிகாரம் என்று தெரிந்துகொண்டு போனால் அலைச்சல் பாதியாகும்.

எது மாநில அரசின் பொறுப்பு, எது மத்திய அரசின் பொறுப்பு என்பது கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது. நிலம் மாநிலத்துடையது. சமூகநலம் இரண்டு அரசுக்கும் பொதுவான பட்டியலில் வருகிறது. போலீஸ், குற்றவியல் சட்டம், குடியுரிமை, தொழிலாளர் விவகாரம் எல்லாம் கோலாலம்பூர், புத்ராஜெயா பக்கம். அதனால் மாமியாரின் உதவித்தொகை பற்றி உங்கள் ஒய்.பி. ஈப்போவில் பேராக் சட்டமன்றத்தில் எழுந்து மாநில ஆட்சிக்குழு உறுப்பினரிடம் நேராகவே கேட்கலாம். கொழுந்தனின் வழக்கில் அவரால் போலீசுக்கு உத்தரவு போட முடியாது. கடிதம் எழுதலாம், விசாரிக்கலாம், நாடாளுமன்ற உறுப்பினரிடம் சொல்லி உள்துறை அமைச்சரிடம் கேள்வி எழுப்பச் சொல்லலாம். அவ்வளவுதான்.

முதலில் மாமியார் விஷயம். இலாகாவுக்குப் போகும் முன் அவருடைய வங்கிப் புத்தகத்தைப் பதிவு செய்து பாருங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் மண்டபத்தில் நாங்கள் நடத்தும் இலவச ஆலோசனைக்குப் போன வருடம் ஒரு பாட்டி வந்தார். "காசு நின்னு போச்சு தம்பி" என்று அழுதார். பிஸ்கட் டின் ஒன்றில் ஐ.சி. (அடையாள அட்டை), வங்கிப் புத்தகம், பழைய சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார். விசாரித்துப் பார்த்தால் பணம் மாதா மாதம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. வங்கி இயந்திரத்தில் அவருடைய கட்டைவிரல் விழவில்லை. மூன்று முறை போய், மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். அந்த விரலைப் பிடித்துப் பார்த்தேன். முப்பது வருடம் பாலும், பால் உறைய ஊற்றும் ஆசிட்டும் பட்ட விரல். ரேகை தேய்ந்து, ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. யாரும் அவரிடம் வேறு விரலை வைத்துப் பாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து முன்னாள் பால்வெட்டுக்காரர் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது விரலைத்தான். உங்கள் மாமியாருக்கும் அப்படி இருந்தால், வங்கி மேலாளரிடம் நேரில் சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிரதிநிதி மூலம் பெற வழி உண்டா என்று இலாகாவிலும் கேளுங்கள்.

பணம் உண்மையிலேயே வரவில்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது முகவரி. இலாகா உதவி பெறுபவர்களை அவ்வப்போது மறுஆய்வு செய்யும். மலாயில் காஜி செமுலா என்பார்கள். அதற்கான கடிதம் எங்கே போயிருக்கும்? மாமியாரின் ஐ.சி.யை எடுத்துப் பாருங்கள். இன்னும் தோட்டத்து முகவரி, பழைய லயத்து வீட்டு எண் இருக்கிறதா? அந்த லயம் இடிந்து செம்பனை நட்டாயிற்று, கடிதம் மட்டும் அங்கே போய்க்கொண்டிருக்கும். பதில் வராவிட்டால் உதவி நிற்கும். வீடு மாறினால் 30 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் முகவரியை மாற்ற வேண்டும் என்பது விதி. தோட்டத்தை விட்டு வந்த நம் ஆட்களில் எத்தனையோ பேருக்கு இதை யாரும் சொன்னதே இல்லை. இன்றைக்கே செய்யுங்கள், சமூகநல இலாகாவிலும் தனியாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது காரணம் உங்கள் கணவரின் வருமானமாக இருக்கலாம். இந்த உதவி 60 வயதுக்கு மேற்பட்ட, வருமானம் போதாத குடிமக்களுக்கானது. பார்த்துக்கொள்ளும் வசதி பிள்ளைகளுக்கு இருக்கிறதா என்பதையும் கணக்கில் எடுப்பார்கள். கணவரின் சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாவற்றையும் உள்ளபடி காட்டுங்கள். மறைக்க வேண்டாம். 2025 முதல் இந்த உதவித்தொகை மாதம் 600 ரிங்கிட். மூன்று மாதம் என்றால் 1,800 ரிங்கிட், மருந்துக்கும் அரிசிக்கும் வைத்திருந்த பணம். "துங்கு டுலு" என்று வாயால் சொல்வதை இனி ஏற்காதீர்கள். ஏன் நின்றது என்று எழுத்தில் கேட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள், அதை ராயுவான், அதாவது மேல்முறையீடு, என்று குறிப்பிடுங்கள். கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்தில் கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதியோடு தெரிமா சாப்பு, அதாவது பெற்றுக்கொண்டதற்கான முத்திரை, அடித்து வாங்குங்கள். சாப்பு இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்.

இனி கொழுந்தன். அவர் செய்த ரிப்போர்ட்டின் நகல் வீட்டில் இருக்கிறதா? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவின்படி, புகார் கொடுத்தவர் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று அந்த நிலையத்தின் பொறுப்பதிகாரியிடம் கேட்கலாம். கேட்டு இரண்டு வாரத்துக்குள் அவர் பதில் தர வேண்டும். இரண்டு நிபந்தனை உண்டு. புகார் கொடுத்து நான்கு வாரம் கடந்திருக்க வேண்டும், உங்களுக்குக் கடந்துவிட்டது. வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றமாகவும் இருக்க வேண்டும். ஆயுதத்தால் காயப்படுத்துவது, அதாவது தண்டனைச் சட்டத்தின் 324வது பிரிவு, அந்த வகை. வெறும் கையால் அடிப்பது, 323வது பிரிவு, அந்த வகையில் வராது. அதனால் ரிப்போர்ட்டில் இரும்புக் கம்பி என்ற சொல் இருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். வலியிலும் பதற்றத்திலும் "என்னை அடித்துவிட்டார்" என்று மட்டும் சொல்லியிருந்தால், கூடுதல் ரிப்போர்ட் செய்யுங்கள், மருத்துவமனைச் சீட்டையும் சேருங்கள். "ருஜுக் மஜிஸ்ட்ரேட்" (மாஜிஸ்திரேட்டைப் பாருங்கள்) என்று பதில் வந்தால் வழக்கு முடிந்தது என்று அர்த்தமில்லை, மாஜிஸ்திரேட்டிடம் நீங்களே புகார் செய்யலாம் என்று அர்த்தம். அதற்கு உதவி வேண்டுமென்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தைக் கேளுங்கள். இரண்டு வாரத்திலும் நிலைமை அறிக்கை வராவிட்டால் அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எழுத அதே பிரிவு உரிமை தருகிறது. போலீசார் முறைகேடாக நடந்துகொண்டார்கள் என்ற புகார் இருந்தால் அது தனி, 2023 ஜூலை முதல் இயங்கும் போலீஸ் நடத்தை ஆணையத்துக்குப் போக வேண்டியது.

இப்போது ஒய்.பி. மலாயில் ஒரே பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: பெயர், ஐ.சி. எண், என்று நின்றது, யாரிடம் என்று போனீர்கள், என்ன சொன்னார்கள், என்ன வேண்டும். சாப்பு அடித்த நகலைப் பின்னால் குத்துங்கள். சேவை மையத்தில் உங்களுக்கு ஒரு ஆதரவுக் கடிதம் கிடைக்கலாம். அது உதவும், ஆனால் அது உத்தரவு அல்ல, அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள்.

உங்களிடம் நான் இன்னொன்று கேட்கிறேன். அதே தாமானில் உதவி நின்றுபோன வேறு யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒருவரின் தாளை வைத்து ஒய்.பி. ஒரு போன்தான் போட முடியும். பத்துப் பேரின் தாள் கையில் இருந்தால், "கோலா கங்சார் மாவட்டத்தில் மறுஆய்வில் எத்தனை பேருக்கு நிறுத்தப்பட்டது, முகவரி மாறியதால் எத்தனை பேர், எத்தனை பேருக்குத் திரும்பக் கிடைத்தது" என்று சட்டமன்றத்தில் கேள்வியாகவே வைக்கலாம். சபையில் வைத்த கேள்விக்கு அரசாங்கம் பதில் சொல்ல வேண்டும், அது சபைப் பதிவேட்டில் ஏறும். கேள்விகளைக் கூட்டத்துக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டியிருப்பதால், அடுத்த கூட்டம் எப்போது, கேள்வி கொடுக்கக் கடைசி நாள் எது என்று சேவை மையத்திலேயே கேட்டுவிடுங்கள். தோட்டத்தில் இருந்தபோது மேற்பார்வை செய்த மண்டோரிடம் தனித்தனியாகப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது, சங்கமாகப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது என்று மாமியாரைக் கேளுங்கள், அவர் சொல்வார்.

கொழுந்தனுக்கு அடிபட்டது வேலை நேரத்தில், வேலை சம்பந்தமான தகராறில் என்றால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவிலும் விண்ணப்பிக்கட்டும், தகுதியை அவர்கள் முடிவு செய்வார்கள். மருத்துவ விடுப்புச் சீட்டு ஒன்றையும் முதலாளியிடம் அசலாகக் கொடுத்துவிட வேண்டாம். முதலில் நகல் எடுத்து, அந்தப் பாட்டியைப் போல ஒரு பிஸ்கட் டின்னில் வையுங்கள்.