போலோ ஜிடி காருக்குப் பெரிய பிரேக் கிட் போடலாமா?

புதுச்சேரியிலிருந்து ஈசிஆர் வழியாக அடிக்கடி சென்னை போகிறேன், வேகத்தில் பிரேக் போதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய டிஸ்க், நாலு பிஸ்டன் காலிப்பர் (டிஸ்கை இருபக்கமும் பிடித்து அழுத்தும் பாகம்) எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். ஓங்கி மிதித்தால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்து பெடல் துடிக்கிறதா? அப்படியென்றால் பிரேக்கில் பலம் இருக்கிறது, ரோட்டைப் பிடிக்காதது டயர்தான். முதல் பணம் நல்ல டயருக்குப் போகட்டும்.

அப்புறம் பிரேக் ஆயில். இது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம் கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். டாட் 4 என்ற தரத்தில் வரும் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். கொதித்து ஆவிக் குமிழி வந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, அதை ஏபிஎஸ் வண்டியில் ஊற்றவே கூடாது.

பேட் (டிஸ்கில் உரசி வண்டியை நிறுத்தும் கட்டை) வாங்கும்போது ரேஸ் பேட் பக்கம் போகாதீர்கள். சூடேறினால்தான் அது பிடிக்கும், காலையில் கிளம்பி முதல் சிக்னலிலேயே கைவிட்டுவிடும். தெரு ஓட்டத்துக்கென்று வரும் நல்ல பேட் போதும்.

என் காரும் பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுத்தது. சக்கரத்தைக் கழற்றினால், காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின் (சிறிய உலோகத் தண்டு) உப்புக்காற்றில் துருவேறி இறுகியிருந்தது. உள்பக்க பேட் தகடு வரை தேய்ந்துவிட்டது, வெளிப்பக்கம் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. அந்த ஸ்லைடு பின்னையும் பேடையும் மாற்றி, அதற்கான கிரீஸ் தடவியதும் சரியாகிவிட்டது. கிட் விலை கேட்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.